உடற்பயிற்சிக் குழுவில் சாதாரண ஆளுக்கு இடம் உண்டா?

மெதுநடை (இழையைத் தொடங்கியவர்)

ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் கேள்வி. உடற்பயிற்சி செய்ய எனக்குத் தயக்கம் இல்லை. நடக்கிறேன், இடையிடையே கொஞ்சம் ஓடுகிறேன், முடிந்த நாள்களில் ஜிம்முக்கும் போகிறேன். ஆனால் நாலு பேர் கூடிச் செய்யும் இடத்துக்குப் போனால், நான் இவர்களில் ஒருத்தி இல்லை என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

ஓர் ஓட்டக் குழுவின் வாட்ஸ்அப்பில் இருக்கிறேன். காலையில் திறந்தால் ஒருவர் அரை மாரத்தான் ஓடிய படத்தைப் போட்டிருப்பார். இன்னொருவர் தன் வேகம் குறைந்துவிட்டதே என்று வருத்தப்பட்டிருப்பார். அவர் வருத்தப்படும் அந்த வேகத்தில் என்னால் ஒரு தெருமுனை வரைகூட ஓட முடியாது. அந்த இடத்தில் நான் போய் 'இன்று மூன்று கிலோமீட்டர், பாதி நடை' என்று எப்படிப் போடுவது?

யாரும் கேலி செய்ததில்லை. ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதும் இல்லை. எல்லோரும் நல்லவர்கள். அதனால்தான் இதை எடுத்துச் சொல்லவே சிரமமாக இருக்கிறது. பேச்செல்லாம் அடுத்த போட்டி, நேரம், ஷூ என்றே போகிறது. எனக்குப் பதக்க ஆசை இல்லை. மூட்டும் மூச்சும் நன்றாக இருக்கவேண்டும், கூடப் பேச ஆள் இருக்கவேண்டும். இப்படிப்பட்டவர்களுக்கு அங்கே இடம் உண்டா? அல்லது கொஞ்சம் தேறிய பிறகுதான் போகவேண்டுமா?

இரும்புத்தூக்கி

கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தேறிய பிறகு போகலாம் என்று இருந்தால் போகவே மாட்டீர்கள். தேறினோம் என்று நமக்கே தோன்றும் நாள் ஒன்று வராது. ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறவர் பத்து ஓடுகிறவரைப் பார்ப்பார், பத்து ஓடுகிறவர் மாரத்தான் ஓடுகிறவரைப் பார்ப்பார். நான் எடை தூக்கும் இடத்திலும் இதே கதைதான்.

ஜிம்மில் எல்லோரும் நம்மையே பார்க்கிறார்கள் என்று தோன்றுவதைப் பற்றி ஓர் ஆய்வு உண்டு. 2000-ஆம் ஆண்டில் தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் வெளியிட்டது. போட்டுக்கொள்ளவே கூச்சமாக இருக்கும் ஒரு டீ-ஷர்ட்டை ஒரு மாணவருக்குப் போட்டுவிட்டு, மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் எத்தனை பேர் அந்தச் சட்டையில் இருக்கும் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று வெளியே வந்ததும் கேட்டார்கள். போட்டவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர் என்றார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். ஜிம்மில் அந்தக் கால்வாசிகூட இருக்குமா என்பது சந்தேகம். ஒரு செட் முடித்தவருக்கு மூச்சு வாங்கவே நேரம் சரியாக இருக்கும், உங்கள் டம்பெல்லில் என்ன எண் போட்டிருக்கிறது என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

இன்னொன்று. கூடச் செய்ய ஆள் தேடினால், உங்களைவிடக் கொஞ்சமே கூடுதலாகச் செய்பவரைத் தேடுங்கள். 1920-களில் ஜெர்மனியில் ஓட்டோ கோலர் என்பவர் துடுப்புப் படகுக் கழகத்து ஆட்களை வைத்து இதைச் சோதித்தார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரே எடையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டே இருக்கவேண்டும். ஒருவர் விட்டால் இருவருக்கும் முடிந்தது. பலம் குறைந்தவர் தனியாகச் செய்ததைவிட இப்படிச் சேர்ந்து செய்தபோது அதிக நேரம் தாக்குப்பிடித்தார். ஆனால் இருவரின் பலத்துக்கும் இடையில் வித்தியாசம் மிதமாக இருந்தபோதுதான் இது நன்றாக வேலை செய்தது. ரொம்பப் பெரிய வித்தியாசம் என்றால் பலன் குறைந்துபோனது. அரை மாரத்தான் ஓடுகிறவரைப் பார்த்து உங்களுக்கு உற்சாகம் வராமல் சோர்வு வருகிறது என்றால், அதற்குக் காரணம் இந்த இடைவெளியாக இருக்கலாம். உங்களிடம் குறை இருப்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வாரக்கடைசி ஓட்டம்

பார்க்ரன் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சனிக்கிழமை காலையில் ஐந்து கிலோமீட்டர், கட்டணம் கிடையாது, ஓடலாம், நடக்கலாம். உங்கள் கேள்விக்கு அதன் வரலாற்றிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

2004 அக்டோபர் 2 அன்று லண்டனின் புஷி பூங்காவில் பால் சின்டன்-ஹியூவிட் அதைத் தொடங்கினார். அன்று ஓடியவர்கள் 13 பேர். அப்போது அதன் பெயரே 'டைம் ட்ரையல்', அதாவது நேரம் பார்க்கும் ஓட்டம். வந்தவர்களும் ஓட்டப் பழக்கம் உள்ளவர்கள். பிறகு மெல்ல மெல்ல ஆள் கூட, வருகிறவர்களின் வகையும் மாறியது. இன்று ஒவ்வொரு நிகழ்விலும் 'டெய்ல் வாக்கர்' என்று ஒரு தன்னார்வலர் எல்லோருக்கும் பின்னால் வருவார். கடைசி ஆளாக முடிப்பது அவருடைய பொறுப்பு, ஆகவே பங்கேற்கும் வேறு யாரும் கடைசி ஆக முடியாது. ஆண்டுகள் போகப் போக அங்கே முடிப்பவர்களின் சராசரி நேரம் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. நடத்துபவர்கள் அதை ஒரு வெற்றியாகவே சொல்கிறார்கள். 2024 பிப்ரவரியில் தங்கள் இணையதளத்திலிருந்து வேகச் சாதனைப் பட்டியல்களையும் எடுத்துவிட்டார்கள். அதற்கு எதிர்ப்பும் வந்தது. ஓடுகிறவர்களில் பலருக்கு அந்தப் பட்டியல்தான் வாரம் முழுக்க உழைக்கத் தூண்டுதல். இரண்டு பக்கமும் எனக்குப் புரிகிறது.

நான் சொல்ல வருவது, யாரை உள்ளே இழுக்கவேண்டும் என்று யோசித்து ஒரு குழு தன்னை மாற்றிக்கொள்ள முடியும். உங்கள் குழுவிலும் முடியும். யாராவது கேட்டால்தான் அது நடக்கும்.

பாதி நடை என்று எழுதக் கூச்சம் என்றீர்களே, ஓடத் தொடங்குகிறவர்களுக்காக 1996-இல் ஜாஷ் கிளார்க் வகுத்த ஒன்பது வாரத் திட்டம் உலகம் முழுக்கப் பிரபலம். அதன் முதல் நாள் என்ன தெரியுமா? 60 விநாடி மெதுவோட்டம், 90 விநாடி நடை. ஓட்டத்தைவிட நடைதான் அதிகம்.

நேர்கோடு

கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் நேரத்துக்காக ஓடுகிறவன். போட்டிக்குத் தயாராகும் குழுவில் இருக்கிறேன். எங்கள் பேச்சும் வேகம், நேரம், ஷூ என்றுதான் இருக்கும். அதில் யாரையும் ஒதுக்கும் எண்ணம் இல்லை, அந்த ஆசைதான் எங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. எல்லாக் குழுவும் எல்லோருக்குமாக இருக்கவேண்டும் என்று கேட்பது சரியில்லை. சதுரங்கம் தீவிரமாக ஆடுகிறவர்கள் கூடும் இடத்தில் திறப்பு ஆட்டம் பற்றித்தானே பேசுவார்கள்?

ஆகவே முதலில் அந்தக் குழு எதற்காகக் கூடுகிறது என்று பாருங்கள். போட்டிக்குத் தயாராகும் குழு என்றால் அங்கே உங்களுக்கு அலுப்புத்தான் வரும். அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாமல் வேறு குழு தேடலாம்.

ஆனால் ஒரு விஷயம், இது எங்கள் குழுவில் புதிதாக வருகிறவர்கள் எதிர்பார்க்காதது. நீண்ட தூரம் ஓடும் நாளைவிட 'டிராக்'கில் வேகப்பயிற்சி செய்யும் நாளில்தான் மெதுவாக ஓடுகிறவர்களைச் சேர்த்துக்கொள்வது சுலபம். தடம் 400 மீட்டர் வட்டம். எவ்வளவு மெதுவாக ஓடினாலும் யாரும் கண்ணை விட்டுப் போகமாட்டார்கள். விசில் அடித்தால் எல்லோரும் கிளம்புவோம், மறுபடி அடித்தால் அவரவர் இருக்கும் இடத்தில் நிற்போம். ஒருவர் ஒன்றரைச் சுற்று முடித்திருப்பார், இன்னொருவர் முக்கால் சுற்று. மூச்சு வாங்குவது எல்லோருக்கும் ஒரே மாதிரிதான். 'வேகப்பயிற்சி' என்ற பெயரைக் கேட்டே பலர் அந்த நாளில் வராமல் விடுகிறார்கள். அது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

நிலாமுற்றம்

மெதுநடை அக்கா, நீங்கள் எழுதியதைப் படிக்கும்போது நான் எழுதியது போலவே இருந்தது.

நான் முதலில் சேர்ந்த ஜிம்மில் பயிற்சியாளர் கேட்ட முதல் கேள்வி "எத்தனை கிலோ குறைக்கணும்?" எடை குறைக்க வரவில்லை, முதுகு வலி இல்லாமல் குனிந்து நிமிரவேண்டும், கனமானதைத் தூக்கினால் பயம் இருக்கக்கூடாது என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, படிவத்தில் ஓர் எண்ணை எழுதிக்கொண்டார். நான் எதற்கு வந்தேன் என்பதைக் கேட்கவே இல்லாத இடத்தில் எப்படி ஒட்டும்? சில வாரத்தில் விட்டுவிட்டேன்.

இப்போது போகும் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஸ்குவாட் ரேக்கில் (எடை மாட்டும் நீளக் கம்பியான 'பார்' வைக்கும் தாங்கி) முன்னால் செய்தவர் பாரின் இரண்டு பக்கமும் 20 கிலோ பிளேட்களை அப்படியே மாட்டிவிட்டுப் போயிருந்தார். புதிதாக வருகிறவருக்கு அதைக் கழற்றுவதே ஒரு பெரிய வேலை. ஒரு பக்கத்தை மட்டும் முழுதாகக் கழற்றினால் பார் கவிழ்ந்துவிடுமோ என்ற பயம் வேறு. வெறும் பாரே 20 கிலோ. நான் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். பக்கத்தில் செய்துகொண்டிருந்த ஓர் அம்மா வந்து, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிக் கழற்றினார். பிறகு சுவரோரம் இருந்த 15 கிலோ பாரை எடுத்து வைத்து, "இதில் தொடங்குங்கள்" என்று சொல்லிவிட்டுத் தன் செட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார். பெயரெல்லாம் பிறகுதான் தெரியும். அங்கே 15 கிலோ பார் ஒன்று இருந்ததே முக்கியம் என்று இப்போது நினைக்கிறேன். நம்மைப் போன்றவர்கள் வருவார்கள் என்று யாரோ முன்கூட்டியே நினைத்து வாங்கி வைத்திருக்கிறார்கள்.

உரிமை என்று பார்த்தால், 1967-இல் பாஸ்டன் மாரத்தானில் 261 எண்ணை அணிந்து ஓடிய கேத்ரின் ஸ்விட்சரை நிகழ்வு அதிகாரி ஒருவர் ஓடும்போதே பிடித்து, அந்த எண்ணைப் பிய்க்கப் பார்த்தார். பெண்களை அங்கே முறைப்படி அனுமதித்தது 1972-இல்தான். இன்று நமக்கு முன்னால் அப்படி யாரும் நிற்கவில்லை. இருந்தும் நுழைய யோசிக்கிறோம். ஏனென்றால் தடுப்பவர் இல்லை என்பது வேறு, எதிர்பார்த்துக் காத்திருப்பவர் உண்டு என்பது வேறு.

மெதுநடை

எல்லோருக்கும் நன்றி. நேர்கோடு சார், நீங்கள் சொன்னது வலிக்கவில்லை, தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் குழு 'எல்லோரும் வரலாம்' என்று சொல்லித்தான் ஆள் சேர்க்கிறது. போன பிறகு பார்த்தால் நிலைமை வேறு.

உதாரணமாக, ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து கிளம்புவோம். வேகமாக ஓடுகிறவர்கள் முன்னால் போய் ஒரு திருப்பத்தில் காத்திருப்பார்கள். நான் போய்ச் சேர்ந்ததும் 'வந்துட்டாங்க, கிளம்பலாம்' என்று ஓடத் தொடங்குவார்கள். காத்திருந்தவர்கள் இரண்டு நிமிடம் இளைப்பாறியிருப்பார்கள். எனக்கு ஒரு விநாடிகூட இருக்காது. ஓய்வு யாருக்கு அதிகம் தேவையோ அவருக்குத்தான் கிடைப்பதில்லை. அவர்கள் காத்திருப்பதே நல்ல மனதால்தான், அதனால் குறை சொல்லவும் வாய் வரவில்லை.

கடைசி வரிசை

ஒரு சின்ன ஓட்டக் குழுவை நடத்துபவன் நான். நீங்கள் சொன்ன அந்தத் திருப்பம் எல்லாக் குழுவிலும் இருக்கிறது. புதியவர்கள் ஏன் வருவதில்லை என்று யோசிக்கிற அமைப்பாளர்கள் முதலில் அதைத்தான் பார்க்கவேண்டும். 'நாங்கள் அன்பானவர்கள்' என்று நினைத்துக்கொள்வது போதாது. பின்னால் வருகிறவர் என்ன அனுபவிக்கிறார் என்பதைப் பின்னால் ஓடிப் பார்த்தால்தான் தெரியும்.

இதற்கு வழிகள் இருக்கின்றன. தூரத்தை விட்டுவிட்டு நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரே இடத்தில் கிளம்பி 20 நிமிடம் அவரவர் வேகத்தில் போங்கள். 20 நிமிடம் ஆனதும் இருக்கும் இடத்திலேயே திரும்புங்கள். அதே வேகத்தில் வந்தால் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் தொடங்கிய இடத்துக்கு வந்து சேர்வார்கள். ஒருவர் எட்டு கிலோமீட்டர் ஓடியிருப்பார், ஒருவர் நாலு. திரும்பும்போது இன்னும் அழகு: வேகமானவர்கள் பின்னாலிருந்து நம்மை எட்டிப்பிடிப்பார்கள், கடைசிச் சில நூறு மீட்டர் எல்லோரும் ஒன்றாக வருவோம். யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டாம்.

இன்னொரு வழி, முன்னால் போனவர்கள் நின்று காத்திருக்காமல் திரும்பி ஓடி வந்து கடைசி ஆளைத் தாண்டி மறுபடி சேர்ந்துகொள்வது. அவர்களுக்குக் கூடுதல் தூரம் கிடைக்கும், பின்னால் வருகிறவருக்குப் பேச்சுத் துணை கிடைக்கும்.

இது புதுக் கவலையும் இல்லை. 1938-இல் கோலாலம்பூரில் தொடங்கிய 'ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ்' ஓட்டத்தில் தடத்தையே அதற்கேற்றபடி போடுவார்கள். ஒருவர் முன்கூட்டியே போய்க் காகிதத் துண்டோ மாவோ தூவி வழி போடுவார். நடுநடுவே தடம் அறுந்துபோகும், பொய்த் தடமும் இருக்கும். முன்னால் போனவர்கள் சரியான வழி தெரியாமல் நாலு பக்கமும் தேடிக்கொண்டிருக்கும்போது பின்னால் வருகிறவர்கள் வந்து சேர்ந்துவிடுவார்கள். சில சமயம் கடைசியில் வந்தவரே சரியான தடத்தைக் கண்டுபிடிப்பார். வேகத்தை மட்டும் வைத்து அதில் முன்னே போய்விட முடியாது.

அறுபதைத் தாண்டியவன்

வயதானவன் சொல்கிறேன், கேளுங்கள். நீங்கள் செய்வதே போதுமான உடற்பயிற்சிதானா என்ற சந்தேகம் இந்தக் கூச்சத்துக்கு அடியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். எனக்கும் இருந்தது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டல் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, கூடவே வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. மிதமானது என்றால் பேச முடியும், பாட முடியாது, அந்த அளவுக்கு மூச்சு வாங்கினால் போதும். ஒரே மூச்சில் குறைந்தது பத்து நிமிடம் செய்தால்தான் கணக்கு என்று முன்பு சொல்லிவந்தார்கள். அந்த நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். அதே நிறுவனம் 2024-இல் வெளியிட்ட கணக்குப்படி உலகில் பெரியவர்களில் 31 சதவீதம் பேர், ஏறக்குறைய 180 கோடி, இந்த அளவைக்கூட எட்டுவதில்லை. நடையும் இரண்டு நாள் ஜிம்மும் என்று ஒழுங்காகச் செய்கிற ஒருவர் அந்த அளவை எட்டுகிறவர். எந்தக் குழுவிலும் தலை நிமிர்ந்து நிற்கலாம்.

பத்தாயிரம் அடி என்ற எண்ணும் அப்படித்தான். அது 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது, மருத்துவ அளவாக வந்ததல்ல. 2019-இல் ஐ-மின் லீ குழுவினர், சராசரி வயது 72 உள்ள ஏறக்குறைய 17,000 பெண்களை வைத்துச் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். நாளுக்குச் சுமார் 4,400 அடி நடந்தவர்களுக்கே, மிகக் குறைவாக நடந்தவர்களைவிட இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. 7,500 அடியைச் சுற்றி அந்தப் பலன் கூடுவது நின்றுவிட்டது.

எங்கள் குழுவில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கை கால் பயிற்சி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒருநாள் ஒருவர் வரவில்லை என்றால் அன்று மாலைக்குள் இரண்டு பேராவது அவருக்கு போன் செய்துவிடுவார்கள். "ஏன் வரவில்லை" என்று யாரும் கேட்பதில்லை, "நாளைக்கு வருவீங்களா, பக்கத்து நாற்காலி போட்டு வைக்கவா" என்று கேட்பார்கள். அவர் எத்தனை முறை கையைத் தூக்கினார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

இரும்புத்தூக்கி

ஐயா சொன்ன போன் விஷயத்தோடு ஒன்று சேர்க்கிறேன். பலர் ஒரு வாரம் விட்டதும் 'இனி எந்த முகத்தோடு போவது' என்று நிரந்தரமாக நின்றுவிடுகிறார்கள். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் செய்த ஆய்வில், ஒரு பழக்கம் தானாக வரும் நிலைக்கு எடுத்த காலம் 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆளுக்கு ஆள் மாறியது. நடு மதிப்பு 66 நாள். நடுவில் ஒரு நாள் விட்டது பெரிய வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை. விட்டுப்போன ஆள் திரும்பி வரும்போது குழு எப்படி வரவேற்கிறது என்பதை வைத்தே அந்தக் குழுவை நான் எடை போடுவேன்.

மெதுநடை

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் குழுவில் எழுதலாம் என்று இருக்கிறேன். குறை சொல்வது போல் இல்லாமல் எப்படி எழுதுவது? அப்புறம், வாட்ஸ்அப்பில் மற்றவர்கள் போடும் தூரங்களைப் பார்த்து மனம் சுருங்குவதற்கு என்ன வழி?

நேர்கோடு

இரண்டாவதற்கு நான் சொல்கிறேன். அறிவிப்புச் சத்தத்தை நிறுத்தி வையுங்கள், நேரமும் இடமும் தெரிந்துகொள்ள மட்டும் திறந்து பாருங்கள். ஓடுகிற செயலியில் 'எல்லோருக்கும் காட்டு' என்பதை மாற்றி, உங்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்கலாம். நானே காயத்திலிருந்து மீண்டு மெதுவாக ஓடிய மாதங்களில் அப்படித்தான் வைத்திருந்தேன். எங்களைப் போன்றவர்கள் படம் போடுவது உங்களை அளக்க அல்ல, ஆனால் பார்க்கிறவருக்கு அப்படித் தோன்றும் என்பது இந்த இழையைப் படித்தபோது உறைத்தது.

கடைசி வரிசை

எழுதும்போது பொதுவாக 'மெதுவாக ஓடுகிறவர்களையும் கவனியுங்கள்' என்று எழுதாதீர்கள். எல்லோரும் 'கண்டிப்பாக' என்று கைகூப்பும் படத்தைப் போடுவார்கள், எதுவும் மாறாது. செய்யக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். இப்படி:

"இந்த ஞாயிறு நான் 40 நிமிடம், ஓட்டமும் நடையுமாகப் போகிறேன். 20 நிமிடத்தில் திரும்பிவிடுவேன். என்னோடு வர விருப்பம் உள்ளவர்கள் சொல்லுங்கள்."

இதில் புகார் இல்லை, மன்னிப்பும் இல்லை. உங்களைப் போலவே பேசாமல் படித்துக்கொண்டிருக்கும் ஆட்கள் அந்தக் குழுவில் நிச்சயம் இருப்பார்கள், எங்கள் குழுவில் ஒருவர் இப்படி எழுதிய பிறகுதான் எனக்கே அது தெரிந்தது. யாரும் பதில் போடவில்லை என்றால் அமைப்பாளருக்குத் தனியாக எழுதி, கடைசியில் வருகிறவரோடு ஓட ஒருவரை நியமிக்க முடியுமா என்று கேளுங்கள். வாரம் ஒருவர் முறை போட்டுக்கொண்டால் யாருக்கும் பாரம் இல்லை. வேகமாக ஓடுகிறவர்களுக்கும் வாரத்தில் சில நாள் மெதுவான ஓட்டம் தேவைப்படும், அதை அன்று வைத்துக்கொள்வார்கள்.

போகும் நாளில் பத்து நிமிடம் முன்னதாகப் போய்விடுங்கள். ஓடத் தொடங்கிய பிறகு யாரோடும் பேச முடியாது, முடிந்ததும் எல்லோரும் அவசரமாகக் கிளம்புவார்கள். ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டு நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் பெயர் கேட்கவும் சொல்லவும் முடியும். ஏதாவது ஒரு வேலையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் கேன் எடுத்து வருவது, கிளம்பும்போது தலை எண்ணுவது, எதுவானாலும் சரி. தலை எண்ணுகிறவருக்கு ஒரு மாதத்தில் எல்லோர் பெயரும் தெரிந்துவிடும், எல்லோருக்கும் அவரையும் தெரிந்துவிடும்.

நிலாமுற்றம்

அக்கா, ஞாயிறு அன்று துணைக்கு ஆள் கிடைக்கவில்லை என்றாலும் 40 நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். அடுத்த வாரமும் அதே செய்தியை அப்படியே போடுங்கள். முதல் தடவை படித்துவிட்டுத் தயங்கியவர் இரண்டாவது தடவை வருவார். எங்கள் வகுப்பில் நான் அப்படித்தான் சேர்ந்தேன்.